வியப்புக்குக் கூலி

டாக்டர் குலசேகரன் எனக்குத் தர வேண்டிய கூலி நாற்பத்தோராயிரத்து முந்நூற்று எண்பது ரூபாய். இதை அவர் முகத்துக்கு நேரே பல தடவை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் இப்போதுதான் முதன்முதலாகக் கேட்கிறவர் போலப் புருவத்தைத் தூக்குவார். புதிதாக ஏதாவது நடந்தால்தான் காசு என்கிற தொழிலில் கிடந்த மனிதர். அந்தப் பழக்கம் முகத்தில் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது.

நான் பேச்சித்தாய். தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளத்தில் சின்ன வயதிலிருந்து உப்பு வாரியவள். முழங்கால் இரண்டும் தேய்ந்து, இனி இவள் சுமக்க மாட்டாள் என்று கங்காணி கழித்துவிட்ட பிறகு டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். யாரோ எப்போதோ கைவிட்டுப் போன பழைய அளம் அது. அதில் ஒரே ஒரு பாத்தியை அவர் ஆராய்ச்சிக்கு எடுத்திருந்தார். காலையும் மாலையும் கடல்மடையைத் திறந்து, வெயிலில் வற்றிய அளவுக்குப் பாத்திக்குள் கடல்தண்ணீர் விட வேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

பாத்தியின் தரையில் பழுப்பாக, ஈரத் தோல் மாதிரி ஒன்று படர்ந்து கிடந்தது. டாக்டர் அதற்கு வாய்க்குள் நுழையாத ஒரு பேர் வைத்திருந்தார். நாங்கள் தோல் என்றே சொன்னோம். கண்ணுக்குத் தெரியாத கோடி உயிர்கள் கூடிப் பின்னிக்கொண்டது என்பார் அவர். யாரும் கொண்டுவந்து போடவில்லை. தானாக வந்தது, தானாகப் படர்ந்தது. அது வந்த பிறகு எங்கள் காலனி அடிபம்பில் நல்ல தண்ணீர் வர ஆரம்பித்தது. மண்ணுக்குள் இறங்கும் உப்பைத் தோல் பிடித்து வைத்துக்கொள்கிறதாம். அதற்கு முன்னால் அந்தப் பம்பில் வந்ததைக் கொண்டு கால்கூடக் கழுவ முடியாது. குடம் பத்து ரூபாய்க்கு லாரியில் வாங்கித்தான் குடித்தோம்.

அன்றைக்கு வியாழக்கிழமை. கொட்டகைக்குப் போனேன். டாக்டர் பனியனோடு உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சார், நாளைக்கு வெள்ளிக்கிழமை."

"தெரியும்."

"தெரிஞ்சா துட்ட எடுங்க. குழுவுக்குத் தவண கட்டணும்."

"எங்கேர்ந்து எடுக்க? அங்கே பாரு."

சுவரில் மாட்டியிருந்த திரையில் முந்தின நாள் சாயங்காலம் வந்த வாசகம் அப்படியே நின்றது. எழுத்துக் கூட்டி வாசித்தேன். கைநாட்டு வைத்து ஒரு தடவை ஏமாந்த பிறகு, நாற்பத்தைந்து வயதுக்கு மேல் கற்றுக்கொண்ட எழுத்து. மெதுவாகத்தான் வரும். *புதிதாக ஒன்றும் நிகழவில்லை. தொகை இல்லை.*

"முந்தாநாளும் இதத்தான சொல்லிச்சு. என்ன எழவுக்கு இப்படிச் சொல்லுது?"

"உனக்குச் சொன்னாப் புரியுமான்னு தெரியல."

"கூலி வரலங்கிறது புரியுதுல்லா. மிச்சமும் புரியும், சொல்லுங்க."

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மரியாதை ஒன்றும் இல்லை. என்னிடமும் அவருக்குத் தர மரியாதை மிச்சமில்லை.

"இதுக்குப் பேரு கணிப்பான். பாத்திக்குள்ள கம்பி கம்பியா நட்டிருக்கோம்ல, அது எல்லாம் இதுக்குத்தான் சேதி சொல்லும். தினமும் காலையில, இன்னிக்குச் சாயங்காலம் இந்தப் பாத்தி எப்படி இருக்கும்னு இது எழுதி உள்ளே பூட்டி வச்சுக்கும். எனக்குக் காட்டாது. பொழுது அடையும்போது தொறக்கும். எழுதினபடியே நடந்திருந்தா, இந்த இடத்தைப் பத்தி அதுக்கு எல்லாம் தெரியும்னு அர்த்தம். தெரிஞ்ச விஷயத்துக்கு எதுக்கு ஆராய்ச்சி, எதுக்குப் பணம்? தப்பாப் போச்சுன்னாத்தான், இங்கே யாருக்கும் தெரியாதது ஏதோ இருக்குன்னு பணம் விடும்."

"அப்ப அது தோக்கணும்."

"ஆமா. முதல் வருஷம் தினமும் தோத்துச்சு. பணத்தை எங்கே வைக்கன்னு தெரியாம இருந்தேன். இப்போ தோக்கவே மாட்டேங்குது."

"தோலு ஒழுங்கா வேல செய்யிது. அதனால உங்களுக்குத் துட்டு இல்ல."

"அதேதான்."

"நானும் ஒழுங்காத்தான் சார் வேல செஞ்சேன்."

மின்விசிறி கிரீச் கிரீச்சென்று சுற்றியது.

"இந்தக் கூத்த எவன் கொண்டாந்தான்?" என்றேன்.

"நாங்கதான்." டாக்டர் சிரித்தார். சிரிப்பு நன்றாக இல்லை. "முன்னெல்லாம் கமிட்டி. ஏழு பேரு உட்காருவான். மூணு பேரு தூங்குவான். ஒருத்தன் தன் மாணவனுக்குக் கொடுப்பான், ஒருத்தன் மருமகனுக்குக் கொடுப்பான். நான் முப்பது வருஷம் மனு எழுதியே தேஞ்சவன். மனுஷனே வேண்டாம், நேர்மையா ஒரு மெஷினை வைங்கன்னு கத்தினோம். நானும் கையெழுத்துப் போட்டேன். வச்சான். நேர்மையாத்தான் இருக்கு, சனியன். யாருக்கும் பாவம் பார்க்காது."

எழுந்து கதவருகே போய்ப் பாத்தியைப் பார்த்து நின்றார். வெயிலில் தண்ணீர் செம்பாகக் கிடந்தது.

"காடும் கடலும் தினமும் வித்தை காட்டாது, பேச்சித்தாய். நூறு வருஷம் ஒரே மாதிரி கிடக்கும். அப்படிக் கிடக்கிறதுதான் அதோட சாமர்த்தியம். அதைச் சும்மா உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருக்கிறவனுக்குச் சோறு போடத்தான் ஆராய்ச்சிப் பணம்னு நெனச்சேன். இப்போ சும்மா பார்க்கிறவன் பட்டினி. குச்சியை விட்டுக் குத்துறவனுக்குப் பிரியாணி. ஒருத்தன் ஏரியில சாயத்தைக் கொட்டிட்டு, மீன் எப்படிச் சாகுதுன்னு எழுதினான். பணம் கொட்டுச்சு. ஒருத்தன் காட்டுக்குள்ள லைட்டு போட்டு வவ்வாலைப் பைத்தியம் ஆக்கினான். எல்லாம் என்கூடப் படிச்சவனுகதான்."

"நீங்க ஒண்ணும் குத்தலல்லா."

"இதுவரைக்கும் இல்ல."

அப்போதுதான் விஷயத்துக்கு வந்தார். பக்கத்து அளத்தில் நஞ்சோடைத் தொட்டி நிறைந்து கிடக்கிறது என்றார்.

உப்பு வாரி எடுத்த பிறகு பாத்தியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீரைத்தான் நஞ்சோடை என்போம். கனத்து, எண்ணெய் மாதிரி கிடக்கும். அது பட்ட புண் லேசில் ஆறாது. மருந்துக் கம்பெனிக்கு விற்பார்கள், இல்லாவிட்டால் கடலோடையில் இறக்கிவிடுவார்கள். அடுத்தவன் பாத்திக்குள் அதை விடுகிறவனை மட்டும் எந்த அளத்திலும் வேலைக்குச் சேர்க்க மாட்டார்கள். வெட்டுக்குத்து நடந்த குடும்பங்கள்கூட ஒரே வரப்பில் நின்று உப்பு வாரியிருக்கின்றன. நஞ்சோடையைத் திருப்பிவிட்டவன் பேரைச் சொன்னால் இன்றைக்கும் எச்சிலைத் துப்புவார்கள்.

"நடுவுல இருக்கிற மடைப்பலகையைக் கொஞ்சம் தூக்கினாப் போதும்" என்றார் டாக்டர். "தோல் கால்வாசி போகும். திரும்ப வளந்துரும். கணிப்பான் தோக்கும். பொழுது அடையும்போது பணம் விழும். உன் கூலி மொத்தமும் அங்கேயே தாரேன்."

"வளருமா?"

"வளரணும்."

"எங்க குடிதண்ணி?"

"லாரி தண்ணிக்கு நான் பணம் தாரேன்."

"நாலு மாசக் கூலியத் தாராதவரு லாரிக்குத் தாரிய. சரி. நீங்களே தூக்க வேண்டியதான? பலகதான?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி துடைத்தார். "நீ தூக்கினா, பாத்தி வேலையில கைத்தவறுன்னு எழுதிக்கலாம். நான் தூக்கினா அது குற்றம்."

கூலியைப் பாக்கி வைத்துக்கொண்டு, கொலையையும் என்னிடமே கடனுக்குக் கேட்கிறார். ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்தேன். படித்தவர்கள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

அடிபம்பில் சண்முகக்கனி தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். குழுவில் எங்கள் பத்துப் பேருக்கும் அவள்தான் தலைவி. கடன் கொடுத்த கம்பெனியின் ஏற்பாடு இப்படி: ஒருத்தி தவணை கட்டவில்லை என்றால் மற்ற ஒன்பது பேரும் அவள் வீட்டு வாசலில் போய் உட்கார வேண்டும். அவள் கட்டும்வரை எழுந்திருக்கக் கூடாது, இல்லாவிட்டால் தாங்கள் பங்குபோட்டுக் கட்ட வேண்டும். கம்பெனிக்காரன் திட்டவும் மாட்டான், அடிக்கவும் மாட்டான். எங்களை எங்கள் மேலேயே ஏவிவிட்டுப் பைக்கில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருப்பான்.

"என்னளா, தந்தாரா?" என்றாள் கனி.

"நஞ்சோடையத் தொறந்து விட்டாத் தாரேங்காரு."

கனியின் கை பம்பிலேயே நின்றது. "எதுக்குள்ள?"

"தோலுக்குள்ள."

"நாசமாப் போறவன்." குடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஏளா பேச்சி, நான் உள்ளதச் சொல்லிருதேன். நாளைக்கு உம் பங்கையும் சேத்துக் கட்ட எனக்கு வக்கில்ல. போன மாசம் கம்மல அடகு வச்சித்தான் உனக்குக் கட்டுனேன். அதையும் மனசுல வச்சிக்க."

"அப்ப தொறந்துரவா?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

"பின்ன என்னதான் சொல்லுத?"

"துட்டும் வரணும், தண்ணியும் வரணும்ங்கேன். என்ன செய்வியோ செய்யி. நாளைக்கு ஒம் வாசல்ல வந்து ஒக்காந்தேன்னா மொகத்தப் பாக்க மாட்டேன், சொல்லிட்டேன்." மறுபடி வேகமாக அடிக்க ஆரம்பித்தாள். தண்ணீர் குடத்துக்கு வெளியேயும் தெறித்தது.

உச்சி வெயில் சாய்ந்த பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். நஞ்சோடைத் தொட்டிக்கும் எங்கள் பாத்திக்கும் நடுவில் இரண்டு முழ வரப்பும் ஒரு பலகையும்தான். பலகையில் கை வைத்தேன். பொய் சொல்ல மாட்டேன், வைத்தேன். வாசலில் ஒன்பது பேர் உட்கார்ந்திருப்பதும், கனி முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பதும் கண்ணுக்கு முன்னால் நின்றது. கொஞ்சம் தூக்கினால் போதும்.

அப்போது கொட்டகைக் கதவு திறந்தது. டாக்டர் எட்டிப் பார்த்தார். நான் பலகையில் கை வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, பார்க்காதவர் போலக் கதவைச் சாத்திக்கொண்டார். நாளைக்கு யாராவது கேட்டால், 'அவள் தூக்கினதை நான் பார்க்கவில்லை' என்று உண்மையே சொல்லலாம் பாருங்கள்.

அந்தக் கதவு சாத்திய விதம்தான் என்னைத் திருப்பிவிட்டது. தோல் மேல் இருந்த பிரியம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பலகையை விட்டுவிட்டுத் தொட்டியின் மறுபக்கம் போனேன். கடலோடைப் பக்கத்து வரப்பை வெட்டினேன். முழங்கால் கெஞ்சியது. வாய்க்கு வந்தபடி அவரைத் திட்டிக்கொண்டே வெட்டினேன். நஞ்சோடை வழக்கமாகப் போகிற வழியில், மஞ்சளாக, மெதுவாக, ஓடையில் இறங்கிப் போயிற்று. தொட்டி வடிந்து தரை தெரிந்தது.

பொழுது அடைகிற நேரத்தில் கடல்மடையைத் திறந்து வழக்கமான தண்ணீரை விட்டேன். தோல் எப்போதும் போல நுரை நுரையாக மூச்சு விட்டது. கையைக் கழுவிக்கொண்டு கொட்டகைக்குள் போனேன்.

டாக்டர் சட்டை மாட்டியிருந்தார். தலைகூடச் சீவியிருந்தார். திரை பளிச்சென்று மாறியது. இரண்டு கோடுகள். ஒன்று, கணிப்பான் காலையில் எழுதிப் பூட்டி வைத்தது. மற்றது, நடந்தது.

நடந்தது என்று காட்டிய கோடு தரை மாதிரி நேராகக் கிடந்தது.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீ தொறக்கல."

"தொறக்கல."

"அடிப்பாவி! கெடுத்துட்டியே! நாளைக்கு..." அதற்குள் திரையில் காசு விழுந்த மணி அடித்தது. டாக்டருக்கு வாய் திறந்தபடி நின்றுவிட்டது. மறுபடி திரும்பிப் பார்த்தார்.

கணிப்பானின் கோடு காலையில் நேராகக் கிளம்பி, பிற்பகலில் மலையிலிருந்து விழுகிற மாதிரி விழுந்து, அடியில் போய்க் கிடந்தது.

"அது என்ன சார், விழுந்து கெடக்கு?"

அவர் திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். "இன்னிக்குத் தோல் சாகும்னு எழுதியிருக்கு."

"அதுக்கு எப்படித் தெரியும்? நஞ்சோட பத்தி யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல." நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "நான் எத்தனை மனு போட்டேன், எத்தனை மாசம் கூலி பாக்கி, எனக்கு ரிட்டயர் ஆக எவ்வளவு நாள் இருக்கு, எல்லாம் அதுக்குப் போகுது. என்னை மாதிரி ஆளுக வேற ஊர்ல என்னென்ன செஞ்சாங்கன்னும் தெரியும். இந்த ஆளு இந்த வாரம் விஷம் வைப்பான்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு." சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு வேறு மாதிரி ஆயிற்று. "நான் தோலைப் படிக்கிறேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். அது எட்டு வருஷமா என்னைப் படிச்சிருக்கு. நீ தொறந்திருந்தா தோலும் போயிருக்கும், ஒரு பைசாவும் வந்திருக்காது."

"இப்ப வந்துருக்குல்லா."

"மூணு லட்சம்."

"அதுல எங்கூலி?"

டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்ததும் பழைய டாக்டர் ஆகிவிட்டார். "நஞ்சோடை எங்கே?"

"கடலுக்கு வெட்டி விட்டுட்டேன்."

"ஐயோ! அதை நான் பக்கத்து அளத்து முதலாளிகிட்ட நாற்பதாயிரத்துக்குக் கடனாப் பேசி வச்சிருந்தேன். பத்தலைன்னா திரும்பவும் கொஞ்சம்..." நிறுத்திக்கொண்டார். "அதை உன் கூலியிலதான் கழிப்பேன். மிச்சம் ஆயிரத்து முந்நூத்து எண்பது. இந்தா."

"விஷத்துக்கு வெல, எங்கூலியா?"

"வெட்டினது நீதானே?"

காசை வாங்கவில்லை. வாங்கினால் கணக்குத் தீர்ந்தது என்பார்.

மறுநாள் காலையில் குழுக் கூடியது. என் முறை வந்ததும் நடந்ததைச் சொன்னேன். கம்பெனிக்காரன் போனிலிருந்து தலையைத் தூக்காமல், "அப்போ எல்லாரும் அந்தம்மா வீட்டு வாசலுக்குக் கிளம்புங்க" என்றான்.

கனி சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு எழுந்தாள். "கெளம்புதோம். ஆனா இவ வீட்டுக்கு இல்ல. துட்டு வச்சிருக்கவன் வாசலுக்கு."

"அது ரூல்ஸ்ல இல்லையேம்மா."

"ரூல்ஸ நீ பைக்குலயே வச்சிக்க. வாங்களா."

என்னோடு பத்துப் பேரும் கொட்டகை வாசலில் போய் உட்கார்ந்தோம். டாக்டர் பல் விளக்கிக்கொண்டே வெளியே வந்து, எங்களைக் கண்டு நுரையோடு நின்றார்.

"என்ன இது? யாரு நீங்கல்லாம்?"

"வாய்க் கொப்பளிச்சிட்டு வாங்க சார், அவசரம் இல்ல" என்றாள் கனி. "நாங்க தண்ணி கொண்டாந்திருக்கோம். உங்க தோலு தந்த தண்ணிதான்."

"போலீசைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க. என்னன்னு கேப்பாவ. நஞ்சோட வாங்கின கதையச் சொல்லுவோம். பக்கத்து அளத்துலயும் சொல்லுவோம். நீங்க இந்தப் பக்கம் டீ குடிக்கக்கூடப் போக முடியாது."

டாக்டர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். நாங்கள் அசையவில்லை. கொடியில் காய்ந்த அவருடைய பனியனைப் பார்த்துவிட்டு ஒருத்தி, "இதென்னளா, பனியன்ல பனியனவிட ஓட்ட அதிகமா இருக்கு. இதையும் கணிப்பான் எழுதியிருக்குமா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். உள்ளே நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. வெயில் ஏறியது. நாங்கள் உப்பு வெயிலில் வளர்ந்தவர்கள், டாக்டருக்குத்தான் ஒரு மின்விசிறி.

கடைசியில் கதவு திறந்தது. அவர் கையில் போன் இருந்தது.

"முழுசாப் போட்டுட்டேன். போதுமா?"

"அந்த நாப்பதாயிரம்?" என்றேன்.

"முதலாளிக்கு நான் கட்டிக்கிறேன்." வாசல்படியில் சாய்ந்து நின்றார். குரலில் காரம் குறைந்து களைப்புத்தான் இருந்தது. "பேச்சித்தாய், ஒண்ணு தெரிஞ்சுக்கோ. நேத்து நீ தொறக்கலைங்கிறது அதுக்குத் தெரிஞ்சுபோச்சு. இன்னிக்குப் பத்துப் பேரு வந்து உட்கார்ந்ததும் தெரிஞ்சுபோகும். இனிமே உங்களை வச்சு அதைத் தோக்கடிக்க முடியாது. இந்த மூணு லட்சம் தீர்ந்தா, அவ்வளவுதான்."

கனி எழுந்து பின்னால் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். "நல்லா எழுதி வச்சிக்கிடட்டும் சார். பாக்கி வச்சா இவளுவ வந்து ஒக்காருவாளுவன்னு தெரிஞ்சா, எவனும் பாக்கி வைக்க மாட்டாம்லா."

டாக்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் புருவம் இந்தத் தடவை தானாகவே ஏறிற்று.

என் போனில் செய்தி வந்தது. ஒவ்வொரு எண்ணாக வாசித்தேன். சரியாக இருந்தது. எங்கள் பின்னாலேயே பைக்கில் வந்திருந்த கம்பெனிக்காரன் தவணையையும் பழைய நிலுவையையும் அங்கேயே எடுத்துக்கொண்டான். கனி தன் கம்மலுக்கு எடுத்துக்கொண்டாள். கடைக் கடனுக்கும் முழங்கால் மருந்துக்கும் போக, நாலு மாத வேலைக்கு என் கையில் ஒரு வாரச் சாப்பாட்டுக்குத்தான் நின்றது.

அன்று சாயங்காலமும் கடல்மடையைத் திறந்தேன். தோல் மூச்சு விட்டது. கொட்டகைக்குள் திரை தன் பழைய வாசகத்தையே சொல்லிற்று. டாக்டர் வாசித்துவிட்டு விளக்கை அணைத்தார். அவர் எனக்குத் தர வேண்டியது இனி ஒன்றும் இல்லை. மறுநாள் வேலைக்கு அன்றன்று காலையிலேயே கூலி என்று சொல்லிவிட்டு, பம்பில் ஒரு குடம் அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.